ஒன்றே ஒன்றுதான் மீதம்

லென்ஸ் அண்ணனுக்கு அந்தப் பெயர் வந்ததற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். போதாததற்குச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்கு லென்ஸ். கடைச் சாவியை மறந்தாலும் மறப்பார், அதை மறக்கமாட்டார். பழைய காசு சேர்க்கும் கிறுக்கு அவருக்கு இருபது வருஷமாக உண்டு. கையில் ஒரு பழங்காசைக் கொடுத்துவிட்டால் போதும், வாடிக்கையாளர் கண்ணாடியில்லாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாலும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்.

இவரைப் போன்ற கிறுக்குகள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மருந்துக்கடை மாடியில் கூட்டம். நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் காலி மருந்து அட்டைப்பெட்டிகள். மேஜை நடுவில் பச்சை வெல்வெட் ஒட்டிய ஒரு தட்டு. யார் என்ன கொண்டுவந்தாலும் தட்டில் வைக்கவேண்டும். தட்டு கைமாறிக் கைமாறி ஒரு சுற்று வரும்.

சங்கத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. காசுக்குச் சொந்தக்காரர் ‘சொல்லுங்க’ என்று வாய்விட்டுக் கேட்காதவரை யாரும் அதைப்பற்றி நல்லதோ கெட்டதோ சொல்லக்கூடாது. முன்பொரு முறை ஒரு செப்புக்காசு அசலா போலியா என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகு மருந்துக்கடைக்காரர் போட்ட சட்டம் அது. அவர்தான் மூத்தவர், இடமும் அவருடையது, யார் மறுத்துப் பேசுவார்கள்? மரியாதையான சட்டம்தான். ஆசைஆசையாய் ஒருவர் வாங்கி வந்ததை நாலு பேர் நடுவில் போலி என்று சொல்லி முகத்தை வாடவைப்பானேன்?

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மரியாதை என்ன வேலை பார்த்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆறு மாசத்துக்கு முன்னால் லென்ஸ் அண்ணன் சங்கத்தில் ஒரு வகுப்பு எடுத்தார். இணையத்தில் ஏமாறாமல் காசு வாங்குவது எப்படி என்று. ஒன்றரை மணி நேரம், கரும்பலகை வைத்து. விற்கிறவன் எழுதும் வார்த்தைகளை எப்படிப் பிரித்துப் பார்க்கவேண்டும், எந்த வார்த்தைக்குப் பின்னால் எது ஒளிந்திருக்கும் என்று விலாவாரியாக அடுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்குத்தான் தையல்காரம்மா முதல்முறையாக வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, துணி அளவு எழுதும் நோட்டில் ஒரு வரி விடாமல் குறித்துக்கொண்டார்.

தையல்காரம்மாவின் கணவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பத்து மாதம் கடலில். ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வரும்போதும் போய் வந்த துறைமுகத்திலிருந்து ஒரு காசைக் கொண்டுவந்து மனைவியின் உள்ளங்கையில் வைப்பாராம். கல்யாணமான நாளிலிருந்து வைத்ததெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. அடுத்த கூட்டத்துக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து தட்டில் கொட்டினார்.

“எல்லாம் சில்லறைதான். சும்மா பாருங்க” என்றார்.

பார்த்தார்கள். முக்கால்வாசி சில்லறைதான். ஆனால் தட்டு லென்ஸ் அண்ணனிடம் வந்தபோது ஒரு சின்னக் காசு அவர் கண்ணில் பட்டது. ஒரே முகம் இரண்டு தடவை, ஒன்றின் மேல் ஒன்று பாதி விலகி விழுந்திருந்தது. நாணயச்சாலையில் ஒரே காசு இரண்டு அடி வாங்கிவிட்டது. லட்சத்தில் ஒன்று அப்படித் தப்பி வெளியே வரும். லென்ஸை மடக்கினார், தட்டைப் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளினார், வாயைத் திறக்கவில்லை. அந்தம்மா ‘சொல்லுங்க’ என்று கேட்கவில்லையே! சட்டம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அதோடு, நாள் போகட்டும், நாமே மெதுவாக ஒரு விலை கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசையும் உள்ளே எட்டிப் பார்த்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் நினைத்தார்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த ராஜா வந்து சேர்ந்தார்.

கடையில் ஒருவரை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும் இடைவெளியில் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தார் லென்ஸ் அண்ணன். விற்பனைக்கு வந்த ஒரு காசில் தாடி வைத்த ராஜா, பக்கவாட்டில் பார்த்தபடி, தங்கமாய் ஜொலித்தார். கீழே சிவப்பு எழுத்தில், ‘ஒன்றே ஒன்றுதான் மீதம்.’ அதற்குக் கீழே, ‘இப்போது இருபத்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.’ பத்து நிமிடக் கடிகாரம் ஒன்று குறைந்துகொண்டே வந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்து மூன்று எதிரிகள்! கடைக்கு வருகிறவர்களைக் கண் பரிசோதனைப் பலகையின் ஆகக் கீழே இருக்கும் பொடி எழுத்துவரை படித்தால்தான் விடுகிறவர், படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிட்டார். மனைவியிடம் பாதி விலைதான் சொன்னார்.

காசு கெட்டியான பிளாஸ்டிக் உறையில் முத்திரை வைத்து வந்தது. ‘முத்திரையை உடைத்தால் உத்தரவாதம் செல்லாது’ என்று ஒட்டியிருந்தது. முத்திரை வைத்த உறையைத் திறக்கவே கூடாது என்று வகுப்பெடுத்தவரே அவர்தான். திறக்கவில்லை. எடையும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராஜா தட்டில் ஏறினார். தட்டு சுற்றியது. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் பார்த்தார், தலையைச் சொறிந்தார். மருந்துக்கடைக்காரர் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார், தட்டைத் தள்ளினார். ஒருவரும் மூச்சுவிடவில்லை. ‘வயிறு எரியுது பயல்களுக்கு’ என்று லென்ஸ் அண்ணன் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். ‘சொல்லுங்க’ என்று அவரும் கேட்கவில்லை. ராஜாவைப் பற்றி இவர்களிடம் என்ன கேட்பது?

“அடேயப்பா, என்ன மினுமினுப்பு!” என்றார் தையல்காரம்மா. புதிசுதானே, சட்டம் பழகவில்லை. மருந்துக்கடைக்காரர் லேசாகச் செருமினார். அந்தம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூன்று வாரம் ராஜா வீட்டு ஹாலில் கொலுவிருந்தார். நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, மனைவி கரண்ட் பில்லை ஃபிரிட்ஜ் கதவில் மாட்டப் போனார். ஒரு கையில் காந்தம், இன்னொரு கையில் மேஜையிலிருந்து ஒதுக்கி எடுத்த ராஜா. இரண்டும் ‘டொக்’ என்று ஒட்டிக்கொண்டன.

“ஏங்க, இங்க வந்து பாருங்களேன்! உங்க ராஜா என்னமா ஒட்டிக்கிறாரு! பிச்சாலும் வரமாட்டேங்கிறாரு!”

சிரித்துக்கொண்டேதான் திரும்பினார். கணவரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“என்னங்க? தங்கம் ஒட்டாதா?”

“ஒட்டாது.”

“அப்ப இது?”

“இரும்பு. மேல பூச்சு.”

மனைவி திட்டியிருந்தால்கூடத் தேவலாம். ஒன்றும் சொல்லாமல் காந்தத்தைப் பிரித்து, உறையை முந்தானையால் துடைத்து, மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அப்புறம் அடுப்படியிலிருந்து, “வெளிய யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காதீங்க, சிரிப்பாங்க” என்று மட்டும் குரல் வந்தது. அவர் நல்லதுக்குத்தான் சொன்னார், பாவம்.

கடைக்குப் போனதும் லென்ஸ் அண்ணன் ராஜாவை வாங்கிய இணையப் பக்கத்தை ஃபோனில் திறந்தார். நாலு வரி படிப்பதற்குள் காது மடல் சுட்டது. மூடிவிட்டார். அப்போதுதான் மண்டையில் உறைத்தது, தட்டு சுற்றிய அன்று ஒருவரும் ஏன் பேசவில்லை என்று. பொறாமையாம் பொறாமை! அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்தது ராஜாவைப் பார்க்க அல்ல, இவர் முகத்தைப் பார்க்காமலிருக்க. கரும்பலகையும் கையுமாய் நின்ற தன்னை நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று மத்தியானமே தையல்காரம்மாவிடமிருந்து ஃபோன்.

“அண்ணா, வேலையா இருக்கீங்களா?”

“இல்லம்மா, சொல்லுங்க.”

“நீங்க ராஜா காசு வாங்குனீங்கல்ல, அந்தப் பக்கத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். பழைய காசு குடுத்தா அதுக்கு மாத்திக்கலாம்னு போட்டிருக்கு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்காம்.”

ஒன்றே ஒன்று! அதைத்தான் இவர் ஒரு மாதத்துக்கு முன்னால் வாங்கிவிட்டாரே. இன்னும் அது ஒன்றே ஒன்றாகவே இருக்கிறது.

“நம்ம டப்பாவ அப்படியே குடுத்துடலாம்னு இருக்கேன். அவரு இருபத்தஞ்சாம் தேதி கப்பல்ல இருந்து இறங்குறாரு. இத்தன வருஷமா சில்லறையா கொண்டாந்து கையில வச்ச மனுஷன். நான் ஒரு தங்கக் காச எடுத்து அவரு கையில வச்சா எப்படி இருக்கும் சொல்லுங்க! என்னண்ணா, செய்யலாம்ல?”

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் காந்தத்தைச் சொல்லவேண்டும். காந்தத்தைச் சொன்னால் கரும்பலகை?

“பாத்துப் பண்ணுங்கம்மா” என்றார்.

“நீங்க வாங்குன இடந்தானே? அப்புறம் என்னத்தப் பாக்குறது?”

“அதுவும் சரிதான்.”

இந்த வாயால்தான் சொன்னார். அதுவும் சரிதான். ஃபோனை வைத்த பிறகு ஒரு கண்ணாடியின் ஸ்க்ரூவை முடுக்க அரை மணி நேரம் ஆனது.

இரவெல்லாம் புரண்டுவிட்டு மறுநாள் பதினோரு மணிக்குத் தையல் கடைக்கே போய்விட்டார். நேரில் சொல்லிவிடுவது என்று தீர்மானம். இரண்டு மெஷின், தரையெல்லாம் நூல் பிசிறு, கழுத்தில் டேப்பும் வாயில் குண்டூசியுமாக அந்தம்மா யாருடைய சீருடைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் குண்டூசிகளை எடுத்துவிட்டு முகமெல்லாம் சிரித்தார்.

“வாங்கண்ணா! காலையிலதான் கூரியர்ல போட்டுட்டு வந்தேன். ஒரு வாரமா போடலாமா வேணாமான்னு மண்டைய ஒடச்சுக்கிட்டிருந்தேன். நீங்க சரின்னதும்தான் தைரியமே வந்துச்சு.”

கூரியர் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. வண்டி சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் கிளம்பும். லென்ஸ் அண்ணனின் கண்ணாடிகள் எல்லாம் அந்த வண்டியில்தான் போய் வருகின்றன, அவருக்குத் தெரியாதா? ‘ஓடுங்கம்மா, போய் வாங்கிட்டு வந்துடுங்க’ என்று சொன்னால் முடிந்தது. வாய்வரை வந்தது. மென்று முழுங்கினார்.

“என்னண்ணா விஷயமா வந்தீங்க?”

“ஒரு... சட்டை தைக்கணும்.”

துணிகூட கையில் இல்லை! அசடு வழிய நின்றார். அந்தம்மா அதைக்கூடத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “துணிய அப்புறம் குடுத்தனுப்புங்க, அளவு எடுத்துக்கறேன்” என்று டேப்பை உருவினார். கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். பிடிபட்ட திருடனைப்போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றபோது சுவர்க் கடிகாரம் பதினொன்றேகால் காட்டியது. முன்பணம் எவ்வளவு என்று கேட்டார்.

“உங்ககிட்ட முன்பணமா? போங்கண்ணா. நீங்க சொல்லிக்குடுத்ததுக்கு நான்தான் உங்களுக்குக் குடுக்கணும்.”

வெளியே வந்தார். கடைக்குப் போனார். ஐந்து மணிவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தடித்ததும், இனிமேல் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதைத்தான் அவரால் பிற்பாடு மன்னிக்க முடியவில்லை.

பதினோரு நாள் கழித்து ஞாயிறு. தையல்காரம்மா நல்ல புடவை கட்டி வந்திருந்தார். கைப்பையிலிருந்து உறையை எடுத்துத் தட்டில் வைத்தார். அதே தாடி ராஜா, அதே முத்திரை. தட்டு சுற்றியது. பஸ் டிரைவர் தலையைச் சொறிந்தார். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். லென்ஸ் அண்ணன் மடியைப் பார்த்துக்கொண்டு தட்டை அப்படியே கடத்தினார். ஒருவரும் பேசவில்லை.

அந்தம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, “சொல்லுங்க” என்றார்.

ஒருவரும் அசையவில்லை.

“கேட்டாச்சுல்ல? சட்டப்படிதான் கேக்கறேன். லென்ஸ் அண்ணா, நீங்க சொல்லுங்க.”

பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது அவருக்கு. விழுங்கவில்லை.

“இது தங்கம் இல்லம்மா” என்றார். “பழசும் இல்ல. இரும்பு. என்னோடதும் இதேதான்.”

“எப்ப தெரியும்?”

“நீங்க ஃபோன் பண்ணீங்களே, அன்னைக்குக் காலையில.”

“காலையிலயா? நான் மத்தியானம்தானே பண்ணேன்?”

“ஆமாம்மா.”

அந்தம்மா மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “உங்களுக்கெல்லாம்?”

மருந்துக்கடைக்காரர்தான் வாயைத் திறந்தார். “லென்ஸோட காசு தட்டுல வந்த அன்னைக்கே தெரியும்மா. அவர் கேக்கல. அதனால...”

“அதனால நான் பக்கத்துல உக்காந்து வாயப் பொளந்து பாத்துக்கிட்டிருந்தேன். நீங்கல்லாம் சும்மா இருந்தது, காசு நல்லாருக்குன்னுதான்னு நெனச்சேன்.”

மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் போட்ட சட்டத்துக்கு வக்காலத்து வாங்க அவருக்கே மனசு வரவில்லை.

தையல்காரம்மா கத்தவில்லை. அழவுமில்லை. ஃபோனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து லென்ஸ் அண்ணன் முன்னால் வைத்தார். “எனக்கும் கண்ணு இருக்கு அண்ணா. உங்க வகுப்பு நோட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு முழுசா படிச்சுட்டுத்தான் அனுப்புனேன். எல்லாம் நல்ல வார்த்தையாத்தான் இருந்துச்சு. சந்தேகமா இருந்த எடத்துலகூட, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு விட்டுட்டேன். எங்க விழுந்தேன்னு வரிவரியா சொல்லுங்க. சத்தமா.”

லென்ஸ் அண்ணன் படித்தார். அந்தப் பக்கத்தை அவர் முழுதாகப் படிப்பது அதுதான் முதல் தடவை.

“‘ராஜமுத்திரைப் பொற்காசு, நினைவு வெளியீடு.’ நினைவு வெளியீடுன்னா அசல் இல்லம்மா. அசல நெனச்சு இவங்களே அடிச்சது.”

“ம்.”

“‘இருபத்துநாலு காரட் தங்கம் போர்த்தியது.’ போர்வைக்குத்தான் காரட்டு. உள்ள என்னன்னு சொல்லல.”

“அடுத்தது.”

“‘புழக்கத்துக்கு வராதது.’ இது... எந்த நாட்டுலயும் காசாவே இருந்ததில்ல. அப்புறம் எப்படிப் புழங்கும்?”

பஸ் டிரைவருக்குச் சட்டென்று சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“‘பழைய குடும்பச் சேகரிப்பிலிருந்து. மேல்விவரம் எமக்குத் தெரியாது.’ எந்தக் குடும்பம்னு இல்ல. நாளைக்குக் கேட்டா, தெரியாதுன்னு அன்னைக்கே சொன்னோமேம்பாங்க. ‘சான்றிதழ் உண்டு.’ குடுத்தது யாருன்னு பாத்தா, கீழ அவங்க பேரே இருக்கு. ‘படம் மாதிரிக்கு மட்டும்.’ படத்துல இருக்கறது வேற, பார்சல்ல வர்றது வேற.”

நிறுத்தினார். அந்தம்மா உறையை விரலால் தட்டில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் டப்பாவுல ஏதாவது உருப்படியா இருந்துச்சா அண்ணா?”

அதையும் கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மேஜையைச் சுற்றி அத்தனை பேரும் அந்தத் தட்டைப் பார்த்தவர்கள்தான்.

“இருந்துச்சு. ஒரே மொகம் ரெண்டு தடவ விழுந்த காசு.”

“அது அச்சு தப்புன காசுன்னுல்ல அவரு எனக்குச் சும்மா குடுத்தாரு! மொத தடவ கப்பலேறிட்டு வந்தப்ப கொண்டாந்தது.”

“தப்புனதாலதான் வெல. இந்த மேஜைக்கு வந்ததுலேயே அதுக்கு ஈடா ஒண்ணு கெடையாது. அன்னைக்கே பாத்தேன்.”

“பாத்துட்டு?”

லென்ஸ் அண்ணன் மேஜையில் கிடந்த ஃபோனைப் பார்த்தார். அன்று தையல் கடையில் சிரித்த அந்தம்மாவின் முகத்தில் இப்போது அவர்மேல் கோபம்கூட இல்லை, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். அது அவரைக் கூனிக் குறுக வைத்தது.

“சரி. ஏமாத்திட்டாங்கன்னு சொல்லி என் காச மட்டும் திருப்பிக் கேக்கலாம்ல? இருபத்தஞ்சாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கு. கடைசியில ஒரு வரி இருக்கு பாருங்க, பொடி எழுத்துல. என் கண்ணுக்குத் தெரியல.”

சட்டைப் பையிலிருந்து மடக்கு லென்ஸை எடுத்துப் பிரித்தார். அந்த வரிமேல் பிடித்துக்கொண்டு படித்தார்.

“‘மாற்றாக அனுப்பிய நாணயங்கள் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டா.’”

“இதுக்கு என்னண்ணா அர்த்தம்?”

“இதுல எதையும் ஒளிச்சு வைக்கலம்மா” என்றார் லென்ஸ் அண்ணன். “என்ன எழுதியிருக்கோ, அதேதான்.”